"இதுவரை" என்னும் பத்தி: இலைக் கணக்கு விரிதாளுக்கு மாறிய கதை

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலை எடுக்கும் நாள்களில் மாலை நான்கு மணி வாக்கில் சாலையோரக் கொட்டகையில் சாக்குகள் நிறுக்கப்படும். ஏஜென்ட் ஒரு துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுப்பார். மாதம் முடிந்து, தேயிலை வாரியம் அந்த மாதத்துப் பசுந்தேயிலை விலையை அறிவித்த பிறகு தொழிற்சாலையின் பில் வரும். அந்தப் பில்லோடு ஒத்துப்பார்ப்பதற்காக அப்பா பல ஆண்டுகளாக ஒரு நோட்டு எழுதிவந்தார். தேதி, எடை, வலப்பக்க ஓரத்தில் பென்சிலால் "ஆக" என்று தலைப்பிட்டு, அன்றுவரை சேர்ந்த மொத்தம். மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டுவது அவர் வழக்கமில்லை. அன்றாடம் ஒரு கூட்டல் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் கூட்டவே வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

2024 ஏப்ரலில் இந்த நோட்டை அவர் கைபேசியில் உள்ள கூகுள் ஷீட்ஸ் என்னும் விரிதாளுக்கு (ஸ்ப்ரெட்ஷீட்) மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கோத்தகிரிக் கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுபவள் என்பதால் இது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். சரியாக அமைய ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் எங்கெங்கே சறுக்கினேன் என்பதை, இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன். சூத்திரங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். இயந்திரத்தில் அதே ஒலிக்குரிய ஆங்கில எழுத்துகளை இட வேண்டும்.

அமைப்பு எளிமையானது. ஏ பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் வரிசையில்) தேதி, பி பத்தியில் மாதம், சி பத்தியில் எடை, டி பத்தியில் மொத்தம். அந்தக் கடைசிப் பத்திக்கு "ஆக" என்று பெயரிடாமல் "இதுவரை" என்று பெயரிட்டேன். முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரியிலிருந்து கணக்கு தொடங்குகிறது.

அப்பா நோட்டில் செய்ததையே முதலில் அப்படியே செய்தேன்: நேற்றைய மொத்தத்தோடு இன்றைய எடையைக் கூட்டுவது. டி பத்தியின் இரண்டாம் வரியான டி2 கட்டத்தில் =டி1+சி2 என்று இட்டதும் "#வேல்யூ!" என்ற பிழை வந்தது. காரணம் தெளிவு, டி1 என்பது எண் அல்ல, "இதுவரை" என்ற சொல். சொல்லோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் கூட்டல் குறி மறுத்துவிடும். முதல் வரிக்கு மட்டும் =சி2 என்று வேறு சூத்திரம் போடலாம்; ஆனால் ஒரே பத்தியில் இரண்டு வகைச் சூத்திரங்கள் இருந்தால், என்றைக்காவது வரிகளை வரிசைப்படுத்தும்போது அந்த முதல் வரி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து மொத்தத்தைப் புதிதாகத் தொடங்கிவிடும். ஆகவே கூட்டல் குறியை விட்டுவிட்டு =சம்(டி1,சி2) என்று மாற்றினேன். சம் என்னும் சார்பு (கூட்டித்தரும் ஆயத்தக் கட்டளை), தான் பார்க்கும் கட்டத்தில் எழுத்து இருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய்விடும். பிழை மறைந்தது. எல்லா வரிகளிலும் ஒரே சூத்திரம். எனக்கு அப்போது மிகுந்த திருப்தி.

அந்தத் திருப்திக்கான விலையை ஜூலையில் கொடுத்தோம். ஜூலை பில்லில் மொத்த எடை 1,046.5 கிலோ என்றிருந்தது. எங்கள் விரிதாள் (அப்போது மாதத்துக்கு ஒரு தாள்) 951 கிலோ என்றது. தொழிற்சாலைக்காரர்கள் நமக்குச் சேர வேண்டியதைவிடக் கூடுதலாக எழுதுவார்களா? குறைத்திருந்தால் அன்றைக்கே சண்டைக்குப் போயிருப்போம். கூடுதலாக இருந்ததால்தான் பிழை நம்மிடம் இருக்குமோ என்ற சந்தேகமே வந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு நான் விரிதாளின் எடைப் பத்தியைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. எடைகள் சரி, சூத்திரம் சரி, மொத்தம் மட்டும் தவறு.

கண்டுபிடித்தவர் அப்பா. அவர் எடைப் பத்தியைப் பார்க்கவே இல்லை. பழக்கத்தால் வலப்பக்க ஓரத்தில் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "முன்னாடி நாள் கூட்டே இங்கேயும் நிக்குதேம்மா?" என்றார். ஜூலை 9-ஆம் தேதி 52.5, இதுவரை 318. ஜூலை 10-ஆம் தேதி 48 கி, இதுவரை 318. ஜூலை 12-ஆம் தேதி 61, இதுவரை 379. பத்தாம் தேதி எடையை அவர் "48 கி" என்று அலகோடு சேர்த்துத் தட்டியிருக்கிறார். நோட்டில் அவர் அப்படித்தான் எழுதுவார். எந்த மனிதக் கண்ணுக்கும் அது 48 கிலோதான். விரிதாளுக்கோ அது ஒரு சொல். தலைப்பைத் தாண்டிப்போகட்டும் என்று நான் கொண்டுவந்த சம் சார்பு, அதே நல்லெண்ணத்தோடு அந்த 48 கிலோவையும் தாண்டிப்போய்விட்டது. மாதத்தின் பிற்பகுதியில் இன்னொரு "47.5 கி" இருந்தது. இரண்டும் சேர்ந்து 95.5, வித்தியாசமும் அதுவே.

நான் முதலில் போட்டிருந்த கூட்டல் குறியே இருந்திருந்தால், பத்தாம் தேதி மாலையே அந்த வரியும் அதற்குக் கீழுள்ள எல்லா வரிகளும் "#வேல்யூ!" என்று கூச்சல் போட்டிருக்கும். கூச்சலை நிறுத்தியது நான்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேற்கோள் குறியிட்டோ, எழுத்தாக வடிவமைத்த கட்டத்திலோ வெறும் 48 என்று இட்டாலும் அது எழுத்தாகவே சேமிக்கப்படும். அதைக் கூட்டல் குறி எண்ணாக மாற்றிக் கூட்டிக்கொள்ளும், சம் சார்போ அப்போதும் விட்டுவிடும். எனவே ஒரே எடைப் பத்தி இரண்டு சூத்திரங்களுக்கு இரண்டு விடை தரக்கூடும். கண்ணால் கண்டுகொள்ள ஒரே அடையாளம், வடிவமைப்பை யாரும் தொடாதவரையில், எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்பதுதான். நானோ அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவைத்திருந்தேன்.

இதற்கு மூன்று காப்பு செய்தேன். எடைப் பத்திக்கு எண் வடிவமாக 0.0" கி" என்று கொடுத்தேன். இப்போது 48 என்று தட்டினால் 48.0 கி என்று தெரியும், உள்ளே இருப்பது எண்தான், அப்பாவுக்கும் அலகு இல்லாத எண்ணைப் பார்க்கும் சங்கடம் இல்லை. அடுத்து, தரவுச் சரிபார்ப்பில் 0 முதல் 200 வரையிலான எண் அல்லாத எதையும் ஏற்க வேண்டாம் என்று விதி வைத்தேன். ஒரு நாளில் இருநூறு கிலோவுக்கு மேல் எங்கள் தோட்டத்தில் எடுத்ததில்லை. 48-ஐ 480 என்று தட்டினாலும் அது தடுக்கும். மூன்றாவதாக, தாளின் உச்சியில் ஒரு கட்டத்தில் =கவுண்ட்ஏ(சி2:சி400)-கவுண்ட்(சி2:சி400) என்று இட்டேன். முதலாவது சார்பு காலியில்லாத கட்டங்களை எல்லாம் எண்ணும். இரண்டாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் வித்தியாசம் சுழியாக இல்லாவிட்டால் எங்கோ ஓர் எழுத்து புகுந்திருக்கிறது. இன்றுவரை நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

இரண்டாவது சறுக்கல், விட்டுப்போன சீட்டால் வந்தது. மழைக்கோட்டுப் பையில் மறந்துபோன ஒரு சீட்டை அப்பா ஒரு வாரம் கழித்துக் கண்டெடுத்தார். நடுவில் ஒரு வரியைச் செருகி, தேதியும் எடையும் இட்டு, மேல்வரியின் சூத்திரத்தை இழுத்துவிட்டேன். செருகிய வரியில் மொத்தம் சரியாக ஏறியது. அதற்கு அடுத்த வரியில் மீண்டும் இறங்கியது. சங்கிலிச் சூத்திரத்தின் குறை இது. ஆறாம் வரி ஐந்தாம் வரியின் மொத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இடையில் புதிய வரி வந்ததால் அது ஏழாம் வரியாகிவிட்டது, ஆனால் கையை மட்டும் ஐந்தாம் வரியிலிருந்து எடுக்கவில்லை. புதியவரின் கையை யாரும் பிடிக்காமல் அவர் நடுவில் நிற்கிறார். இதற்கு நேர்மாறாக, ஒரு வரியை அழித்தால் அதற்குக் கீழே உள்ளவை அனைத்தும் "#ரெஃப்!" என்றாகிவிடும், பிடித்திருந்த கை காணாமல் போனது என்று பொருள். 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்த நாளிலிருந்து, ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்தவை தாமே மாறும் என்பதுதான் விரிதாளின் பெருமை. ஆனால் எதை எது சார்ந்திருக்கிறது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆகவே சங்கிலியை விட்டு, நீண்டுகொண்டே போகும் வீச்சுக்கு (ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டம்வரையிலான தொடருக்கு) மாறினேன்: =சம்($சி$2:சி2). டாலர் குறி இட்ட முனை ஆணியடித்தது போல் நிற்கும். குறியில்லாத முனை, சூத்திரத்தைக் கீழே இழுக்க இழுக்க வரியோடு சேர்ந்து இறங்கும். ஐம்பதாம் வரியில் அது $சி$2:சி50 என்று ஆகியிருக்கும். நடுவில் வரியைச் செருகினாலும் அழித்தாலும் வீச்சு தானே நீண்டு சுருங்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதுவும் ஏமாற்றும்: ஆண்டின் முதல் வரிக்கும் மேலே ஒரு வரியைச் செருகினால் ஆணி சி3-க்கு நகர்ந்துவிடும், புதிய முதல் வரி கணக்கில் சேராது. எனவே ஆணியைத் தலைப்பிலேயே அடித்தேன்: =சம்($சி$1:சி2). தலைப்பு எழுத்து என்பதால் சம் அதைத் தாண்டிப்போகும். ஜூலையில் 95.5 கிலோவை விழுங்கிய அதே குணம் இங்கே உதவியாக இருக்கிறது. முன்பு சொன்ன காப்புகள் இருப்பதால் துணிந்து வைத்துக்கொண்டேன்.

இந்த முறையில் வேலை அதிகம் என்பதும் உண்மை. ஒவ்வொரு வரியும் முதலிலிருந்து கூட்டுவதால், 365 வரிகளுக்கு 66,795 கட்டங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளை ஒரே தாளில் வைத்தால் அது 16 இலட்சத்தைத் தாண்டும். அப்பாவின் கைபேசி பழையது. ஆண்டுக்கு ஒரு தாள் என்று பிரித்துவிட்டேன். 2022 முதல் கூகுள் ஷீட்ஸில் ஸ்கேன், லாம்டா என்னும் சார்புகள் இருக்கின்றன; =ஸ்கேன்(0,சி2:சி366,லாம்டா(அ,ஆ,அ+ஆ)) என்று ஒரே கட்டத்தில் இட்டால் பத்தி முழுவதும் நிரம்பிவிடும்; அ, ஆ என்ற இடங்களில் விரும்பிய இரு பெயர்களை வைத்துக்கொள்ளலாம். உள்ளே கூட்டல் குறி இருப்பதால் எழுத்து புகுந்தால் கூச்சலும் போடும். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். ஆனால் நிரம்பும் வழியில் உள்ள ஏதேனும் ஒரு கட்டத்தில் யாராவது தவறுதலாக ஓர் எண்ணைத் தட்டினால் பத்தி முழுவதும் மறைந்து ஒரு பிழை மட்டும் நிற்கும். குளிரில் விறைத்த விரலால் சிறிய திரையில் தட்டுபவர் கையில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மாதம் பிறந்தால் மொத்தம் மீண்டும் சுழியிலிருந்து தொடங்க வேண்டும். பில் மாதக் கணக்கில்தான் வருகிறது. இதற்காகத்தான் பி பத்தி. அதில் =ஏ2-டே(ஏ2)+1 என்று இட்டால், எந்தத் தேதியாக இருந்தாலும் அந்த மாதத்து முதல் நாள் கிடைக்கும். பிறகு ஈ பத்தியில் "இம்மாதம் இதுவரை" என்று தலைப்பிட்டு =சம்இஃப்ஸ்($சி$1:சி2,$பி$1:பி2,பி2) என்று இட்டேன். இந்த வரிவரை உள்ள எடைகளில், இந்த வரியின் மாதமே மாதமாக உள்ளவற்றை மட்டும் கூட்டு என்பது அதன் பொருள். தேதியில்தான் சிறிது தொல்லை. தாளின் வட்டார அமைப்பு, மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்காவாக இருந்ததால், 05/07 என்று அப்பா இட்டது மே 7 ஆகிவிட்டது. 13/07 என்று இட்டது, பதின்மூன்றாம் மாதம் இல்லாததால், வெறும் எழுத்தாகிவிட்டது. பன்னிரண்டு தேதிவரை வேறு மாதத்தில் போய்ச் சேர்கிறது, அதற்குப் பிறகு பிழை காட்டுகிறது என்றால் வட்டாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தியா என்று மாற்றி, பழைய தேதிகளை மீண்டும் தட்டியதோடு அது முடிந்தது.

முன்பணக் கணக்குக்கு ஒரு தனித் தாள். அதில் வரவுப் பத்தியின் நீளும் கூட்டலிலிருந்து பற்றுப் பத்தியின் நீளும் கூட்டலைக் கழித்தால் ஒவ்வொரு வரியிலும் இருப்பு நிற்கும்; வங்கிப் புத்தகம் போலத்தான். உரமூட்டைக்குப் பிடித்தது, தீபாவளிக்கு வாங்கியது எல்லாம் அதில் அடங்கிவிட்டன.

நான் எதிர்பாராதது ஆகஸ்டில் வந்தது. தென்மேற்குப் பருவமழையில் இலை நனைந்திருக்கும். தண்ணீர்க் கழிவாக நூற்றுக்கு இத்தனை என்று பிடித்துக்கொண்டு மீதியைத்தான் சீட்டில் நிகர எடையாக எழுதுவார்கள். அந்த மாதம் 6 விழுக்காடு என்று பேச்சு. நிகர எடையைச் சூத்திரமே போட்டுக்கொள்ளட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, பில் வருவது சீட்டைக் கொண்டுதான், சூத்திரத்தைக் கொண்டு அல்ல என்பதால், சீட்டில் உள்ளதை ஒரு பத்தியிலும் நான் கணக்கிட்டதை அடுத்த பத்தியிலும் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாவதில் எடுத்தேன். 52.5 கிலோவில் கழிவு போக 49.35, சீட்டில் 49. 61 கிலோவுக்கு 57.34, சீட்டில் 57. இதெல்லாம் சில்லறை என்றுதான் தோன்றியது. 47.5 கிலோவுக்கு 44.65 வந்தது, முழுமையாக்கினால் 45 ஆக வேண்டும், சீட்டில் 44 என்றிருந்தது.

அந்த இடத்தில்தான் வித்தியாசப் பத்திக்கும் ஓர் "இதுவரை" போட்டுப் பார்க்கத் தோன்றியது. 0.35, 0.69, 1.34 என்று அது ஏறத் தொடங்கியது. அரைக்கு மேல் இருந்தால் ஏற்றியும் கீழே இருந்தால் இறக்கியும் எழுதினால், இந்தப் பத்தி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். மாதம் முழுவதும் சுழியைச் சுற்றியே திரியும். எங்கள் பத்தி ஒருநாள்கூட இறங்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டிலும் ஒரு கிலோவுக்குமேல் குறையவில்லை. 21 சீட்டுகளின் முடிவில் அது 9.85 என்று நின்றது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சை இலை ஆகும் என்பதால், இது இரண்டு கிலோ தூளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தப் பத்தியில், கேட்ட இலக்கத்தோடு எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் சார்பைச் சேர்க்க வேண்டியிருந்ததையும் சொல்ல வேண்டும். பதின்ம (தசம) எண்முறையில் மூன்றில் ஒரு பங்கை முடிவாக எழுத முடியாதது போல, கணினியின் இரும எண்முறையில் 0.1 போன்ற பின்னத்தை முடிவாக எழுத முடியாது. மிக அருகிலுள்ள ஓர் எண்ணைத்தான் அது வைத்துக்கொள்ளும். அரைக் கிலோ என்றால் சிக்கல் இல்லை, 0.5 இருமத்தில் துல்லியமானது. விழுக்காடு புகுந்ததும் கடைசி இலக்கங்களில் அழுக்குப் படிகிறது. நீளும் கூட்டல் அந்த அழுக்கையும் சேர்த்தே கூட்டும். வித்தியாசத்தை வரிக்கு வரி இரண்டு இலக்கத்தில் ரவுண்ட் செய்து, கூட்டலின் விடையையும் ஒருமுறை ரவுண்ட் செய்துவிட்டால் போதும். ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டப்போகும் கணக்கில் பதினான்காம் இலக்கத்தில் ஓர் எண் துருத்திக்கொண்டிருந்தால், பேச்சு அதிலேயே முடிந்துவிடும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தத் தாளை அச்செடுத்து அப்பா கொட்டகைக்குக் கொண்டுபோனார். ஏஜென்ட் பொறுமையாகத்தான் பார்த்தார். தராசு அப்படித்தான் காட்டுகிறது, நான் பார்ப்பதைத்தான் எழுதுகிறேன் என்றார். கழிவைத் தராசு கழிப்பதில்லை என்பதும், அந்தத் தொங்கு தராசின் சிவப்பு எழுத்துகளில் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் எரிகிறது என்பதும் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா மறுத்துப் பேசவில்லை. அன்றைய இலை 54 கிலோ. ஆறு விழுக்காடு போக 50.76 என்று அப்பா வாய்விட்டுச் சொன்னார். சீட்டில் 50.5 என்று வந்தது. வித்தியாசப் பத்தியில் 0.26 ஏறியது.